அனியூரிசம்: கட்டியும் இல்லை, அடைப்பும் இல்லை

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வயது 68, ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை என்று ஸ்கேன் எடுக்கப் போனவர், ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தார். ப்ராஸ்டேட் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசி வரியில் இருந்த 'அனியூரிசம்' என்ற சொல்லை மகன் போனில் தேடிப் படித்துக் காட்டிவிட்டான்.

"ஏனுங்க டாக்டர், வயித்துல நரம்பு வீங்கியிருக்குதாமா, கேன்சர் கட்டிங்களா?"

கட்டி இல்லை. நரம்பும் இல்லை. நம் பக்கம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் தறியில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள்கூட 'எனக்கும் அதுதானுங்களே' என்கிறார்கள். அது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் சிரை. இது இதயத்திலிருந்து அழுத்தத்தோடு ரத்தம் வரும் தமனி. அதன் சுவர் ஓரிடத்தில் பலம் குறைந்து புடைத்துக்கொண்டால் அனியூரிசம். விரிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தோட்டத்தில் பழைய ஓஸ், மோட்டார் போட்டதும் ஓரிடத்தில் மட்டும் உப்பி நிற்குமே, அப்படி. அடைப்பு என்றால் தண்ணீர் போகாது, இதில் ரத்தம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், அதனால்தான் பல பேருக்குத் தொந்தரவே தெரிவதில்லை. 'ரத்தக்குழாய் வீக்கம்' என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. வீக்கம் என்றதும் புளியும் உப்பும் பத்துப் போடத் தோன்றும். புடைப்பு என்றே சொல்லலாம்.

வயிற்றுப் பெருந்தமனியின் அகலம் சுமார் 2 செ.மீ. 3 தொட்டால்தான் இந்தப் பெயர். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 என்று வரும்போது ஆபரேஷன் பேச்சு எடுப்போம். பெரியவருக்கு 4.2. வருடம் ஒரு ஸ்கேன், பிரஷர் கட்டுக்குள், பீடி அறவே கூடாது. இதை வளர்ப்பதில் புகைக்கு இணை எதுவும் இல்லை.

வெடித்தால் கதை வேறு. திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, வேர்த்துக் கொட்டி மயக்கம். அதை வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடித்து நேரம் போக்குகிறார்கள். ஐன்ஸ்டீன் 1955-ல் இறந்தது இப்படித்தான்; 1948-லேயே அந்தப் புடைப்பைச் சுற்றி செலோபேன் தாள் வைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். மூளைத் தமனியில் வெடித்தால் வாழ்நாளில் பார்க்காத தலைவலி, நொடியில் உச்சத்துக்குப் போகும். அப்போது மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், ஆம்புலன்ஸ்தான்.

கூடப்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு என்று தம்பியை வரச் சொன்னேன். அடுத்த வாரமே வந்தார், சட்டைப் பையில் பீடிக்கட்டோடு. அவருக்கு 1.9.