கையாள்வதற்கு அது என்ன கடப்பாரையா?

மாமா இறந்து ஒரு மாதம் கழித்து அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மருத்துவமனையில் கடைசி நாளன்று கொடுத்தனுப்பிய பையில், ரசீதுகளுக்கும் எக்ஸ்ரே உறைக்கும் நடுவே ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்திருக்கிறது. அத்தை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அதன் தலைப்பை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: “இழப்பைக் கையாள்வது எப்படி?” பிறகு என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, கையாள்வதற்கு அது என்ன கடப்பாரையா?” என்று கேட்டார். அத்தை படித்தது எட்டாம் வகுப்பு வரை. நான் முப்பது வருஷமாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். என்னிடம் பதில் இல்லை.

மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ‘கோப்’ (cope) என்ற ஆங்கில வினைதான். தமிழ் எழுத்தில் எழுதினால் கோபத்துக்கும் கோப்புக்கும் சொந்தக்காரன்போலத் தெரியும், இரண்டுக்கும் உறவில்லை. கன்னத்தில் விடும் அறைக்குக் கிரேக்கத்தில் ‘கொலாபோஸ்’ என்று பெயர். அது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்து, ஆங்கிலத்துக்குள் ‘கைகலத்தல்’ என்ற பொருளோடு நுழைந்தது. ஆட்சிக் கவிழ்ப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘கோப்’ சரிக்குச் சரி நின்று மோதுவதைச் சொன்னது. மோதல் நாளாவட்டத்தில் உதிர்ந்துபோய், அடி வாங்கியும் விழாமல் நிற்பது மட்டும் இன்று மிச்சம் இருக்கிறது. ஜெயிப்பேன் என்ற உறுதி அந்தச் சொல்லில் கிடையாது. இவ்வளவுதான் சொல்லின் கதை.

இப்போது நம்முடைய ‘கையாள்’. அதன்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. கவிஞர் உவமையைக் கையாள்வார், தூத்துக்குடித் துறைமுகம் சரக்கைக் கையாளும், பீங்கான் சாமான் வரும் பெட்டியில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று ஒட்டியிருக்கும். எல்லாம் சரியே. கையால் ஆள்வது கையாள்வது. பொருள் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும், ஆள்பவர் அதற்கு மேலே இருக்க வேண்டும். நாற்பது வருஷம் கூடவே இருந்த மனிதர் இல்லாமல் போனது எந்தக் கைக்கு அடங்கும்? அத்தை துக்கத்தின் கையில் இருக்கிறார். பிரசுரம் எழுதியவர் ஆளையும் பொருளையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்.

இந்த வினையின் சுற்றத்தாரையும் பார்க்க வேண்டும். பெயர்ச்சொல்லாக நின்றால் கையாள் என்பவன் ஏவிய வேலையைச் செய்யும் அடியாள். பக்கத்து வீட்டில் குடியிருப்பது கையாடல். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை திருத்தத்துக்கு வந்தபோது, ‘நிதியைத் திறம்படக் கையாடிய செயலாளருக்கு நன்றி’ என்று அச்சுக் கோத்திருந்தார்கள். இரண்டெழுத்துப் பிழை. நான் திருத்திவிட்டேன், உண்மை எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தச் செயலாளருக்கே வெளிச்சம்.

கோபமெல்லாம் இந்த ஒரு தலைப்பினால் வந்ததாக இருந்தால் அத்தோடு போயிருக்கும். நாளிதழைப் பிரித்தால் கோபத்தைக் கையாள்வது, கடனைக் கையாள்வது, பிடிவாதக் குழந்தையைக் கையாள்வது, மாமியாரைக் கையாள்வது. ஆங்கிலத்திலாவது இவற்றுக்கு வேறு வேறு வினை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறப்பு உண்டு. ‘ஹேண்டில்’ கையிலிருந்து வந்தது. ‘டீல்’ பங்கு பிரிப்பதிலிருந்து வந்தது. சீட்டுக் கட்டைப் பிரித்துப் போடுவதில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘டேக்கிள்’ கப்பல் கயிறு, கப்பியோடு சம்பந்தப்பட்டது. ‘மேனேஜ்’ இத்தாலியில் குதிரை பழக்கிய சொல். நாம் அத்தனையையும் ஒரே சாக்கில் போட்டு ‘கையாள்’ என்று முத்திரை குத்திவிட்டோம்.

தமிழுக்கு வினைப் பஞ்சமா? கோபத்தை அடக்குகிறோம். கடனை அடைக்கிறோம், முடியாவிட்டால் தவணை கேட்கிறோம். அழுகிற குழந்தையைத் தேற்றுகிறோம், அடம்பிடிப்பதை வழிக்குக் கொண்டுவருகிறோம். மாமியாரோடு ஒத்துப்போகிறோம், அல்லது போகாமல் இருக்கிறோம். சண்டையை விலக்குகிறோம், வழக்கை நடத்துகிறோம், புகாரைக் கவனிக்கிறோம், மாதக் கடைசியை எப்படியோ ஒப்பேற்றுகிறோம். இன்ன தொல்லைக்கு இன்ன வினை என்று பாட்டிமார் வாயிலேயே வரிசை கட்டி நிற்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்தான் இன்றைக்கு மொழிபெயர்ப்பாளர்.

இதில் வெறும் சோம்பல் மட்டும் இருந்தால் மன்னித்துவிடலாம். ‘போராட்டக்காரர்களைக் காவலர்கள் கையாண்டனர்’ என்று ஒரு செய்தி. பேசி அனுப்பினார்களா, தடியால் அடித்தார்களா, வேனில் ஏற்றினார்களா? வினையின் வேலை நடந்ததைச் சொல்வது. இந்த வினை நடந்ததை மூடிவைக்கிறது, எழுதியவருக்கும் அது வசதியாக இருக்கிறது.

அண்ணன் இப்படி என்றால் தம்பி ‘மேலாண்மை’. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பேரிடர் நல்ல சொல். அதற்கு மேலே உட்கார்ந்து யார் ஆண்மை செலுத்துவது? சட்டப் பெயராகிவிட்டது, இனி மாற்ற முடியாது, விட்டுவிடுகிறேன். ஆனால் மருத்துவமனைப் பலகைகளில் ‘வலி மேலாண்மை’ என்று பார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நோய்முதல் நாடி ‘அது தணிக்கும் வாய்நாடி’ என்று குறள் வினையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வலி தணிப்பு என்று எழுதினால் பலகையில் இடமும் மிச்சமாகும்.

சரி, ‘கோப்’ வினைக்கு என்ன போடுவது? ‘எதிர்கொள்’ என்பார்கள். அது முதலில் வரவேற்புச் சொல். பெரியபுராணத்தில் அடியார் வருகிறார் என்றால் வாழையும் கமுகும் நட்டு, நிறைகுடம் வைத்து ஊரே எதிர்கொள்ளும். அந்த நினைப்போடு ‘வறட்சியை எதிர்கொள்ளத் தயார்’ என்ற தலைப்பைப் படித்தால் ஆரத்தித் தட்டு கண்ணில் தெரிகிறது. பொருள் நகர்ந்துவிட்டது, தேர்வை எதிர்கொள்வதும் தேர்தலை எதிர்கொள்வதும் நிலைத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தடை வேறு. எதிர்கொள்வது வருகிறபோது செய்வது. அத்தைக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வந்தது வீட்டுக்குள் பாயை விரித்துப் படுத்திருக்கும்போது யார் வாசலுக்குப் போய் எதிர்கொள்வது?

‘சமாளி’ என்றதும் தனித்தமிழ் அன்பர்கள் எழுந்து நிற்பார்கள். இந்தியில் சம்பால்னா, மராத்தியில் சாம்பாளணே, கன்னடத்தில் சம்பாளிசு. வடக்கிலிருந்து வந்த சொல் என்பது அவர்கள் வழக்கு. வந்ததுதான். ஆனால் பால் பொங்கும் நேரத்தில் விருந்தாளியும் வந்து நின்றால் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் ‘சமாளித்துக்கொள்கிறேன்’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு ‘கையாள்’ கொடுப்பது, தூய்மைக்காகக் கண்ணைக் கொடுத்துச் சித்திரம் வாங்குகிற வேலை. அன்றாடத் தொல்லைகளுக்கு என் ஓட்டு சமாளிக்கே. பேச்சில் அதற்கு ஒரு குறும்பும் உண்டு: பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனிடம் ‘சமாளிக்காதே’ என்கிறோம். அதனாலேயே துக்கத்துக்கு அது ஒட்டாது.

ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளான சரிக்குச் சரி நிற்பது வேண்டுமென்றால் ‘ஈடுகொடு’ இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையின் வடிகால்கள் வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ‘வெள்ளத்தைக் கையாளவில்லை’ என்று எழுதியவர்கள் வடிகாலுக்குக் கை முளைக்க வைத்தார்கள். அடி வாங்கியும் விழாமல் நிற்பதற்குத் ‘தாக்குப்பிடி’. தாக்கு அதிலேயே இருக்கிறது, கிரேக்கத்து அறைக்கு நேரான சொல்.

இழப்புக்கு? ‘ஆற்று’ என்பேன். தலைவன் பிரிந்திருக்கும் நாள்களில் தலைவி செய்வதை அகப்பாட்டுக்கு உரை சொன்னவர்கள் ‘ஆற்றியிருத்தல்’ என்றார்கள், முடியாமல் போனதை ‘ஆற்றாமை’ என்றார்கள். ‘ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்’ என்று தொடங்கும் குறளில் பசியைப் பொறுப்பதும் ஆற்றல், பொறுக்க முடிகிற வலிமையும் ஆற்றல். மனநல ஏடுகளில் ‘சமாளிப்புத் திறன்கள்’, ‘கையாளும் உத்திகள்’ என்று இரண்டிரண்டு சொல்லாக அடுக்குகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். சூடான பாலை ஆற்றும்போதும், புண் ஆறும்போதும், சாவு வீட்டில் ஆறுதல் சொல்லும்போதும் நாக்கு அதே ஒலியைத்தான் தேடிப் போகிறது.

அன்று அத்தையிடம் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே, “இப்போது எப்படி இருக்கிறீர்கள் அத்தை?” என்று கேட்டேன். “பகலில் ஒன்றும் தெரியவில்லை தம்பி. ராத்திரிதான் ஆற்ற மாட்டாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார். பிரசுரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைப்பை அடித்து, ‘துக்கத்தை ஆற்றிக்கொள்ள’ என்று ஓரத்தில் எழுதி, காரணங்களை ஒரு பக்கத்துக்கு விளக்கி, அந்த மருத்துவமனைக்குத் தபாலில் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் புதிய பதிப்பு ஒன்று கைக்கு வந்தது. தலைப்பில் ஒரு சொல் கூடியிருந்தது: ‘இழப்பைத் திறம்படக் கையாள்வது எப்படி?’