அம்மாவின் பயம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது?

"நாஜி முகாம்களில் இருந்து தப்பியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நினைவு மரபணுவிலேயே வந்துவிடுகிறதாமே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

நினைவு அப்படி வராது. அம்மா பார்த்த முள்வேலி பிள்ளையின் மூளையில் தானாக முளைக்காது. அது வீட்டுக்குள்தான் கைமாறுகிறது. அவுஷ்விட்ஸ் முகாமில் இருந்து மீண்ட அம்மா பாத்திரம் கழுவச் சட்டைக் கையை மடித்தால், முன்கையில் பச்சை குத்திய எண் தெரியும். "இது என்னம்மா?" என்றால் சில வீடுகளில் கதை வரும், சில வீடுகளில் பேச்சே வராது. காய்ந்த ரொட்டித் துண்டைக்கூட அப்பா எறிய விடமாட்டார். காரணம் சொல்லாமலே குழந்தைக்கு ஏதோ புரிந்துவிடும்.

சரி, உடம்புக்குப் பங்கே இல்லையா? 1990களில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ரேச்சல் யெஹுடா என்ற மன அதிர்ச்சி ஆராய்ச்சியாளர், தப்பியவர்களுக்காக ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். உதவி கேட்டு அவர்களின் பிள்ளைகளும் வந்தார்கள். ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பயந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அது செல்லுக்குள் போய், தனக்கென்றே காத்திருக்கும் ஒரு புரதத்தை, அதாவது ஓர் ஏற்பியைப் பிடிக்கிறது. இருவரும் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து பல மரபணுக்களை முடுக்குகிறார்கள். அவற்றில் ஒன்று எஃப்கேபிபி5. அதிலிருந்து உருவாகும் புரதம் திரும்பி வந்து அதே ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. கார்ட்டிசால் மேல் ஏற்பிக்கு உள்ள பிடி தளர்கிறது. தன்னை எழுப்பியவரையே அடக்கும் காவல்காரன்! இந்தக் காவல்காரன் எத்தனை சுறுசுறுப்பாக இருப்பான் என்பதை, டி.என்.ஏ. எழுத்தின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் கொண்ட சின்னப் பொட்டும் தீர்மானிக்கிறது. எழுத்து மாறாது, அது வாசிக்கப்படும் அளவுதான் மாறும்.

தப்பிய 32 பேரையும் அவர்களின் பிள்ளைகள் 22 பேரையும் யெஹுடா குழு சோதித்தது. அந்தக் கொடுமைக்கு ஆளாகாத யூதக் குடும்பங்களோடு ஒப்பிட்டால், அந்த மரபணுவின் ஒரே இடத்தில் பெற்றோரிடம் மெத்தில் கூடியிருந்தது, போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. அதாவது அதே இடம், ஆனால் எதிர்த்திசை. அப்பா அம்மாவின் பொட்டு அப்படியே நகலாகி வரவில்லை என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் ஒப்பிட எடுத்த குடும்பங்களில் பெற்றோர் 8 பேர், பிள்ளைகள் 9 பேர் மட்டுமே. கரு உருவாகும்போது இத்தகைய பொட்டுகளில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. ஆகவே இது விந்து, முட்டை வழியாக வந்ததா, கர்ப்பத்தில் அம்மாவின் ஹார்மோனாலா, வளர்ந்த வீட்டாலா என்று இந்த ஆய்வால் பிரிக்க முடியாது. பிரித்தறிய பல ஆண்டுகள், பல குடும்பங்கள், நிறையப் பணம் வேண்டும். 1945-ல் பத்து வயதானவருக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. இந்த ஆய்வுக்கு இன்னும் தாராளமாகச் செலவழித்திருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

இதைப் படித்துவிட்டு "பெற்றவர் பட்டது பிள்ளை தலையெழுத்து" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போர் அதிர்ச்சியால் வந்த மனநோய்க்குப் பேச்சு வழிச் சிகிச்சை பெற்றுத் தேறிய முன்னாள் போர்வீரர்கள் சிலரிடம், இதே எஃப்கேபிபி5-இன் மெத்தில் அளவு மாறியிருந்ததை 2013-ல் யெஹுடா குழுவே வெளியிட்டது.