பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி.: வேகம் எங்கிருந்து வருகிறது?

லேப்டாப் திறந்து டெஸ்க்டாப் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறதா? பெரும்பாலும் பழி பிராசசர் மேல் விழும். உண்மையில் தாமதம் ஹார்டு டிஸ்க்கில்தான். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 11.1 மில்லிவினாடி ஆகும். கேட்ட தரவு, அதைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிவினாடி. அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு 12 மில்லிவினாடி போல. சிதறிக் கிடக்கும் துண்டுகள் என்றால் வினாடிக்கு அறுபதுகூடத் தேறாது. விண்டோஸ் தொடங்கும்போது தொடுவதோ ஆயிரக்கணக்கான துண்டுகளை.

எஸ்.எஸ்.டி. என்பது தரவைச் சிப்புகளில் வைக்கும் டிரைவ்; ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் மாட்டுவது. அதில் சுழலவும் நகரவும் எதுவுமில்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிவினாடி அளவே. ஆகவே அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வினாடிக்கு 550 எம்.பி. வேகத்தை மறந்துவிடலாம். டிரைவைச் செருகும் இணைப்பு பழைய சாட்டா 2 வகை என்றால் 300 எம்.பி.யைத் தாண்டாது, இருந்தும் மாற்றம் பளிச்சென்று தெரியும், காத்திருப்பு ஒழிந்துவிடுவதால்.

2.5 அங்குல சாட்டா டிரைவ்தான் வேண்டும். பழைய டிஸ்க்கின் முனையில் இரண்டு வரிசை ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐ.டி.இ. என்ற இன்னும் பழைய இணைப்பு; சாட்டா டிரைவ் அதில் பொருந்தாது. எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. தடிமன். 9.5 மி.மீ. இடத்தில் ஆடினால் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்கும் (குளோன்) முன் அதன் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே தரும் அறிக்கையை, பாருங்கள். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு தரவுக் கட்டங்கள்) இருந்தால் குளோன் வேண்டாம்: சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதும் படிக்கவைப்பது அதை முடித்தே விடலாம். முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல். டிஸ்க்கில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்துப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) என்றாலும் அப்படித்தான். அது 63ஆவது செக்டரில் தொடங்கும், 4 கே.பி. எல்லையில் உட்காராததால் ஒரு முறை எழுதுவது எஸ்.எஸ்.டி.யின் இரண்டு பக்கங்களில் (அது எழுதும் அலகுகளில்) விழும். 2048ஆவது செக்டரில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

கழற்றுவது சுலபம். ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்து, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க்கை மேலே நெம்பாமல், இணைப்பு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக இழுங்கள். நெம்பினால் போர்ட் உடையும்.

சிக்கல் பெரும்பாலும் புது டிரைவோடு முதல் முறை லேப்டாப்பைத் தொடங்கும்போதுதான். இயங்குதளமே இல்லை என்று திரை சொன்னால், விண்டோஸ் 7இல் தொடங்குவதற்கான கோப்புகள் உள்ள 100 எம்.பி. பூட் பார்ட்டிஷனை விட்டுவிட்டு சி டிரைவை மட்டும் குளோன் செய்திருக்கக்கூடும். 0எக்ஸ்7பி என்ற நீலத்திரை வந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) சாட்டா மோடைப் பாருங்கள்: ஐ.டி.இ. மோடில் நிறுவிய விண்டோஸ், ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய மோடுக்கு மாற்றியதும் டிரைவர் இல்லாமல் தடுமாறும். பழைய மோடுக்கே திருப்பினால் எழுந்துவிடும். புது டிரைவிலிருந்து விண்டோஸ் சரியாக எழும்வரை பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி.யில்கூடச் செருகாதீர்கள், குளோனுக்கும் அதற்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸ் ஏதாவது ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.