கிரைண்டிங் முடிந்தால் கிராங்க் தயார் என்று நினைக்காதீர்கள்

போன வாரமும் ஓர் அம்பாசடர் வந்தது. மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். வேறோர் இடத்தில் ஃபுல் இன்ஜின் வேலை பார்த்து, சிலிண்டர் போரிங், புது பிஸ்டன், புது பேரிங் எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அடியில் நாக்கிங் சத்தம். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் ஆயிலில் வெள்ளிப்பொடி மினுக்குகிறது. கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கில் கோடு கோடாகக் கீறல், நடுவில் செம்பு தெரிகிறது. கிராங்க்கை, அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை, இறக்கி ஆயில் ஹோலுக்குள் நைலான் பிரஷை விட்டு இழுத்தேன். களிம்பு மாதிரி கறுப்பாக வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்கிறது. அத்தனையும் கிரைண்டிங் கல்லின் தூள்.

"புதுசா கிரைண்ட் பண்ணி வந்ததுங்க, பளபளன்னுதான் இருந்துச்சு" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கிரைண்டிங் என்பது பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியான ஜர்னலைக் கல்லில் தேய்த்துச் சீராக்குவது. ஜர்னல் பளபளப்பது வேறு, கிராங்க் சுத்தமாக இருப்பது வேறு. இன்ஜின் பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னலிலிருந்து பிக் எண்டுக்கு உள்ளே சாய்வாகத் துளை போகிறது. கல் ஓடும்போது கூலண்ட்டோடு தூளும் அதற்குள் இறங்கிவிடும். ஏற்கெனவே அங்கே பல வருஷத்து ஆயில் கசடு ஒட்டியிருக்கும். ஏர் அடித்தால் போகாது, டீசலில் முக்கினாலும் போகாது. ஆயில் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். ஆயில் ஃபில்டரைத் தாண்டித்தான் கிராங்க்குக்குள்ளேயே வருகிறது; அதற்கப்புறம் கிடக்கும் அழுக்கை ஃபில்டர் எப்படிப் பிடிக்கும்? கிராங்க் சுற்றுகிற வேகத்தில் தூள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு நேராக பிக் எண்டுக்குப் போகும். அங்கே ஆயில் நிற்கிற இடைவெளியே சுமார் 2 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.05 மில்லிமீட்டர்தான்.

துளைக்குச் சரியான நைலான் பிரஷ், மண்ணெண்ணெய், பிறகு சோப்புப் போட்ட வெந்நீர், திரும்பவும் பிரஷ். உள்ளே விட்டு எடுக்கும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். ஆயில் துளையின் வாயைப் பிளக் வைத்து அடைத்த கிராங்க் என்றால் அந்தப் பிளக்கைக் கழற்றியே ஆகவேண்டும், கசடு கெட்டிப்பட்டு உட்காருவது அதன் பின்னால்தான். கழுவிக் காய்ந்ததும் ஆயில் பூசிவிடுங்கள். ஈரக்காற்று அடிக்கிற ஊரில் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும்.

கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே மேக்னா டெஸ்ட்டில் (காந்தமேற்றிப் பார்க்கும் சோதனை) விரிசல் பார்த்துவிடுங்கள். கிரைண்டிங் முடிந்தபின் விரிசல் தெரிந்தால் கொடுத்த கூலி தண்டம். ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்கும், இரண்டு ஓரத்திலும் அளந்து ஓவலும் (வட்டம் கோணியிருப்பது) டேப்பரும் (ஒரு ஓரம் சிறுத்திருப்பது) எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அளக்காமலே "முப்பது சைஸ் பேரிங் வாங்கிட்டேன், அதுக்கு அடிச்சுக் குடுங்க" என்று வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. 20 தௌ தேய்த்தாலே சுத்தமாகிவிடும் ஜர்னலை எதற்கு 30 தௌ தேய்த்து இறக்க வேண்டும்? இந்த இன்ஜினுக்கு ஜர்னலைத் தேய்த்து இறக்க 10, 20, 30, 40 தௌ என்று நான்கு படிதான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. நல்ல பழைய கிராங்க் கிடைப்பதே பெரும்பாடு. தயவுசெய்து ஒரு படியையும் வீணாக்காதீர்கள்.

கிரைண்டிங் செய்யும் லேத்காரரிடம் இரண்டு விஷயம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜர்னல் ஓரத்து வளைவை அப்படியே காப்பாற்ற வேண்டும். மூலையைக் கூராக வெட்டிவிட்டால் கிராங்க் அங்கேதான் ஒடியும். ஆயில் ஹோல் வாயைச் சற்றே மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பேரிங்கைச் சுரண்டும். இந்த மூன்று மெயின் பேரிங் கிராங்க்கின் பின்முனையில் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும் மரை ஒன்று வெட்டியிருக்கும். அதில் எமரி பேப்பரைக் கொண்டுபோகவே கூடாது.

மாட்டிய பிறகு அவசரப்பட்டு இக்னிஷன் கொடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் கேஜில் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முள் ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். பிளக் மாட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.