இணைய அகராதியில் சொல் கிடைக்காதபோது

"அகராதியிலேயே இல்லை சார்" என்று சொல்லிக் கைப்பேசியை நீட்டும் மாணவர்களை இராமநாதபுரம் கடலோரத்து நூலகர் எவரும் அறிவர். சொல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தட்டிய வடிவம்தான் பொருந்தாமல் போயிருக்கும்.

தமிழ் அகராதிகள் உருபும் காலமும் ஏறிய வடிவங்களைத் தலைச்சொல்லாக, அதாவது பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லாக, கொள்வதில்லை என்பதால், 'ஆற்றில்' என்பதை 'ஆறு' என்றும் 'வந்தான்' என்பதை 'வா' என்றும் பிரித்துக்கொண்ட பிறகே தேட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியோ வினைகளை 'ஓடு-தல்' என்பதுபோல் விகுதியுடன் தருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதனைத் தலைச்சொல் வழியாகவும், விளக்கம் முழுவதிலும் தேடலாம். இரண்டாவது வழியைப் பலர் தொடுவதே இல்லை. பொருள் தெரிந்து சொல் தெரியாதவருக்கு அதுவே பயன்படும். அந்த அகராதி ஆங்கிலத்திலும் பொருள் தருவதால், வலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இட்டால், அது விளக்கத்தில் வரும் தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத தடை ஒன்றும் உண்டு. 'கொண்டல்' என்பதன் முதலெழுத்தை ஒற்றைக்கொம்பு, கால் எனத் தனித்தனிக் குறிகளாகவும் உள்ளிடலாம். 'ஒ'கரக் குறி ஒன்றாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும் கணினிக்குள் குறியீடுகள் வேறு. அவற்றை ஒன்றாகக் கருதும் ஏற்பாடு இல்லாத தளம் 'முடிவுகள் இல்லை' என்றே காட்டும். 'ஔ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகளைத் தட்டுவதும் இத்தகையதே. பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒட்டிய சொல் கிடைக்காவிட்டால், அதை அழித்துவிட்டு விசைப்பலகையில் புதிதாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

காதால் கேட்ட சொல்லுக்கு எழுத்து மயக்கம் கூடுதல். காற்றின் பெயர் சோளகமா, சோழகமா என்ற ஐயம் வந்தால் இரண்டையும் தேடுவதே முறை. ரகர றகரங்களுக்கும் இதுவே பொருந்தும். பின்பகுதி தெளிவில்லையென்றால் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் இட்டு, அவற்றில் தொடங்கும் சொற்களைப் பார்வையிடலாம். கிடைத்த பதிவையும் முழுவதும் படிக்க வேண்டும். 'கொண்டல்' என்பதற்கு மேகம் என்ற பொருளைக் கண்டதும் நிறுத்துபவர், அதே பதிவில் பின்னால் வரும் கீழ்காற்று, அதாவது கிழக்குக் காற்று, என்ற பொருளைத் தவறவிடுகிறார். பாம்பனில் 'கொண்டல் அடிக்கிறது' என்றால் பேச்சு காற்றைப் பற்றியது.

அகராதியின் காலமும் முக்கியம். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் இன்றைய அலுவலகச் சொல்லைத் தேடுவது வீண். தற்கால வழக்குக்கு 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியா பதிப்பகத்தின் அகராதியே ஏற்றது.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்காத கடற்கரைச் சொற்கள் உண்மையிலேயே உண்டு, குறிப்பாக மீன் பெயர்களிலும் வலையின் உறுப்புகளிலும். அவற்றை மீனவரிடமே கேட்டு, ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் கேட்ட ஊரையும் குறித்து, எவரும் பதிவு சேர்க்கக்கூடிய தமிழ் விக்சனரியில் ஏற்றலாம்.