மானாவாரி

மழையை மட்டுமே நம்பிச் செய்யும் சாகுபடிக்கும், அப்படிப்பட்ட நிலத்துக்கும் மானாவாரி என்று பெயர். ஆங்கிலேயர் காலத்து நிலவரி முறையான 'ரயத்துவாரி' போல இதுவும் வடக்கிலிருந்து வந்த சொல்லோ என்று தோன்றலாம். அந்த வாரி வேறு. 'வானவாரி'தான் மானாவாரி ஆயிற்று என்பதே பொருத்தமான விளக்கம். விழுங்கு முழுங்கு ஆனதும், விஞ்சு மிஞ்சு ஆனதும் இப்படித்தான். வாரி என்றால் வருவாய். "ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்ற குறளில் மழையே உழவரின் வருவாய்.

சரி, இதற்கு நல்ல தமிழ்ச் சொல்லாகப் புன்செய் என்று எழுதலாமா? புன்செய் என்றால் நெல் அல்லாத பயிர்களின் நிலம் என்றே நினைப்போம். ராமநாதபுரத்தில் அது பொருந்தாது. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் நெல்லே மானாவாரிதான். உழுத புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். புறநானூற்றின் 18ஆம் பாட்டு இத்தகைய நிலத்தை "வித்தி வான்நோக்கும் புன்புலம்" என்கிறது. 'வானம் பார்த்த பூமி' என்று நாம் சொல்வதும் இதையேதான். அரசு அறிக்கைகளில் 'மழைசார் வேளாண்மை' என்று வருகிறது, பொருள் சரி. ஆனாலும் மானாவாரியே தமிழாக இருக்கும்போது மாற்றுச் சொல் எதற்கு?

வானத்தின் வருவாய் இப்போது கணக்குக்குள் நிற்பதில்லை. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்வது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் மட்டும் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்று சூடேறினால் அதிக ஈரத்தைத் தாங்கும். இறக்கும்போது மொத்தமாக இறக்கும். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்து மழை நெல்லையும் மிளகாயையும் சேர்த்தே அழித்தது.

முதல் மழைக்குப் பின் வானம் ஏமாற்றினால் முளைத்தது கருகும். மறுவிதைப்புக்கு வீட்டில் இருக்கும் நெல்லைத்தான் எடுக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். களையெடுப்பும் மிளகாய்ப் பழம் பறிப்பும் பெரும்பாலும் பெண்கள் வேலை. பயிர் போனால் வீட்டு அரிசியோடு அந்தக் கூலியும் போகிறது. அப்புறம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைதான். அடுப்படியில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் முதலில் சோறு குறைகிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி செய்யப்படும் நிலத் தொகுதிகளில் சுமார் 14 விழுக்காடுதான் பெண்கள் பொறுப்பில் இருந்தன. பட்டா கணவர் பெயரில் இருந்தால் நிவாரணமும் காப்பீடும் பெரும்பாலும் அவர் பெயருக்கே போகும். கணவர் வெளியூரில் வேலைக்குப் போய்விட, விதைப்பிலிருந்து அறுப்புவரை பார்ப்பவர் மனைவி என்றால், சாகுபடி செய்பவராக அவர் பெயரைத்தான் அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டில், ஏற்ற வேண்டும்.