புள்ளியைப் பார்த்து இனம் சொல்லாதீர்கள்

மீன் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை என்று தெரிந்ததும், வண்ணமீன் வளர்க்கும் நண்பர்கள் திருக்கைப் படம் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். "இது மோட்டோரோவா, லியோபோல்டியா?" என்று இரண்டு ஆற்றுத் திருக்கை இனங்களைச் சொல்லிக் கேட்பார்கள். படத்தை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை. தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கைகளின் புள்ளிகளும் வளையங்களும் ஒரே இனத்துக்குள்ளேயே அவ்வளவு மாறும். வெவ்வேறு இனங்கள் ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு.

இவற்றின் மூதாதைகள் கடலிலிருந்து வந்தவை. ஆனால் உடலில் யூரியாவைத் தேக்கி உப்புநீரைச் சமாளிக்கும் திறனை இவை இழந்துவிட்டன. அதனால் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கடல் வழியாகப் போக முடியாது. லியோபோல்டி உலகிலேயே பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே அழிந்தால் அவ்வளவுதான்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமேசானின் கிளை ஆறான ரியோ நீக்ரோவின் குருரு திருக்கையைச் சொல்வேன். வெள்ளத்தில் மூழ்கும் காட்டுக்குள், இலைச்சருகுகளுக்கு நடுவே வாழும் சின்னத் திருக்கை. உடல் தட்டின் அகலமே சுமார் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். 1850-களின் தொடக்கத்தில் அந்த ஆற்றில் பயணம் செய்த இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் இதை வரைந்து வைத்திருந்தார். ஆனால் முறையான அறிவியல் பெயர் 2016-இல்தான் கிடைத்தது: பொட்டமோட்ரைகோன் வாலசெயி. அதுவரை தெற்கே பரானா ஆற்றுப் பக்கத்து இனமான ஹிஸ்ட்ரிக்ஸை ஒட்டிய பெயரில்தான் இது பிடிக்கப்பட்டு ஏற்றுமதியானது. வேறோர் ஆற்று மீனின் பெயரை வைத்துக்கொண்டு, இந்த மீன் எத்தனை குட்டி போடும், எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பாராட்ரைகோன் என்ற இன்னோர் ஆற்றுத் திருக்கைப் பேரினத்திலும் இதே கதைதான். அமேசானிலும் ஒரினோகோவிலும் ஒரே இனம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மரபணு வேறாகக் காட்டியது. 2021-இல் ஒரினோகோவிலிருந்து இரண்டு புதிய இனங்களை விவரித்தார்கள்.

சரி, டி.என்.ஏ. பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடுமா? தட்டின் ஓரத்தில் பருப்பளவு திசுவை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டால் வேலை தொடங்கிவிடும். மீனுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. வழக்கமான டி.என்.ஏ. பார்கோடு (இனத்தை அடையாளம் காணப் படிக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு), செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் உள்ள சுமார் 650 எழுத்துகளைப் படிக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் மட்டுமே வருவது. மோட்டோரோ தாய்க்கும் லியோபோல்டி தந்தைக்கும் பிறந்த பண்ணைக் கலப்பினத்தை அது சுத்தமான மோட்டோரோ என்றே சொல்லும். போதாக்குறைக்கு, பொட்டமோட்ரைகோன் பேரினத்தில் பல இனங்கள் அண்மையில் பிரிந்தவை; ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.விலிருந்து பல இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடவே எந்த ஆறு, எந்தக் கிளை என்ற குறிப்பும் வேண்டும். அது இல்லாத சாம்பிள் என்னைப் பொறுத்தவரை பாதி சாம்பிள்தான்.

அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்ஸ். 2022-இல் பனாமாவில் கூடிய அதன் மாநாடு, வாலசெயி, லியோபோல்டி உட்பட ஏழு இனங்களை, அனுமதியோடு மட்டும் ஏற்றுமதி செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. மற்ற ஐந்தும், இந்த இரண்டோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்த தோற்றம் கொண்டவை என்பதற்காகவே சேர்க்கப்பட்டன. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரியிடம் டி.என்.ஏ. சோதனைக்கான பி.சி.ஆர். கருவி இருக்காது.

திருக்கை வளர்ப்பவர்களிடம் சில கேட்டுக்கொள்கிறேன். வாங்கும்போது இது பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இனங்களைக் கலக்காதீர்கள். தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று ஏரியில் விடவே கூடாது. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மோட்டோரோ குடியேறியது அப்படித்தான். அப்புறம், மீன் இறந்துவிட்டால் புதைக்கும் முன் அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கேட்டால் ஓரத் திசுவை எத்தனாலில் போட்டுக் கொடுக்கலாம். ஃபார்மலின் வேண்டாம், அது டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். வெட்டும்போது வால் பக்கம் கை போகக்கூடாது. செத்த திருக்கையின் முள்ளிலும் விஷம் இருக்கும்.